இடம் மாற்றியவர்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. மரியாதைக்காக அல்ல. பெயரைப் போட்டால் கத்தாரில் இருக்கும் அவருடைய மகன் வாசித்துவிட்டு, அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று நாலு பேருக்கு அனுப்பி வைப்பான். அந்தச் சந்தோஷத்தைக்கூட அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆபீஸில் நாங்கள் அவரை சார் என்று கூப்பிட்டோம். இங்கேயும் சார் என்றே இருக்கட்டும்.

இராஜாக்கமங்கலம் போகிற ரோட்டில் இருந்த ஒரு வலைக் கம்பெனியில் அவர் மேனேஜர். மீன்பிடி வலை செய்கிற கம்பெனி. முன்னால் ஆபீஸ், பின்னால் மெஷின்கள், அதற்கும் பின்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வலையை விரித்துப் பார்த்து, விட்டுப்போன முடிச்சைத் தேடிப் போடுகிற தகரக் கொட்டகை. நான் ஆபீஸில் இருந்தேன். கடிதம் அடிப்பதும் போன் எடுப்பதும் என் வேலை.

சாருக்கு ஒரு பொருள் இருக்கிற இடத்தில் இருக்கக் கூடாது. பதவியேற்ற முதல் நாள் காலையிலேயே வாசலில் நின்று ஆபீஸை ஒரு சுற்றுப் பார்த்தார். தொண்டையை இரண்டு தடவை செருமினார். பிறகு வாட்டர் பில்டரை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "ரெண்டு நாள்ல பழகிரும்."

அந்தச் செருமலும் அந்த வாக்கியமும் சேர்ந்தே வரும். செருமல் கேட்டால் எதையோ நகர்த்தப் போகிறார் என்று அர்த்தம். மேசைகளைக் கிழக்கே பார்த்துப் போடச் சொன்னார். மழைக்காலம் வந்ததும் மேற்கே திருப்பச் சொன்னார். சாயா வருகிற நேரத்தை மாற்றினார். பைல் அலமாரியை என் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து வராந்தாவில் வைத்தார். ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் எழுந்து போய் வந்தேன். கோபப்பட மாட்டார், சத்தம் போட மாட்டார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சத்தம் போடுகிற மனிதரென்றால் நாமும் ஒரு சத்தம் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இவரிடம் அதற்கு வழியே கிடையாது.

என் அப்பா இறந்தபோது சார் துக்கத்துக்கு வந்தார். மாலையைப் போட்டார், என் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பந்தலுக்குள் செருமல் கேட்டது. "பெட்டியக் கொஞ்சம் தெக்க தள்ளிப் போடுங்க, ஆளுவளுக்குப் பாக்க சவுகரியமா இருக்கும்" என்றார். என் மாமன்மார் நாலு பேர் அப்பாவைத் தூக்கித் தெற்கே தள்ளி வைத்தார்கள். அதில் எரிச்சல் என்னவென்றால், தள்ளி வைத்த பிறகு உண்மையிலேயே சவுகரியமாகத்தான் இருந்தது. ஒரு வாசல் வழியாக வந்து மறு வாசல் வழியாக ஆட்கள் போனார்கள். அவருடைய யோசனைகள் எல்லாமே முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

ஆனால் அவருடைய சாமான் மட்டும் அசையக் கூடாது. அவர் மேசையில் வலது மூலையில் ஒரு எவர்சில்வர் தம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். பெருக்க வந்த அக்கா ஒருநாள் துடைத்துவிட்டு அதை இடது மூலையில் வைத்துவிட்டாள். சார் வந்தார், உட்கார்ந்தார், வலது பக்கம் கை நீட்டினார். தம்ளர் கண்ணெதிரே இடது பக்கம் இருக்கிறது. எடுக்கவில்லை. பின்கட்டிலிருந்து அந்த அக்காவைக் கூப்பிட்டு வரச் சொன்னார். அவள் வந்து வலது பக்கம் எடுத்து வைத்த பிறகுதான் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

எங்கள் சபைதான் அவருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கத்தில், பக்கவாசலை ஒட்டி, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு பெஞ்சின் ஓரம் சாருடையது. எழுதி வைக்கவில்லை, ஆனால் சபையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஒரு கிறிஸ்மஸுக்கு மஸ்கட்டிலிருந்து வந்த ஒருவர் விவரம் தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டார். சார் அவர் பக்கத்தில் போய் நின்றார். முதல் கீர்த்தனை முழுவதும் நின்றார். ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடியபோதும் நின்றார். கண்ணைத் திறந்து பார்த்தபோது மஸ்கட்காரர் பின்வரிசையில் இருந்தார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதைகள். நானும் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ரோஸ்லெட் அக்காவின் விஷயம் வந்ததும் என் சிரிப்பு நின்றுபோனது.

ரோஸ்லெட் அக்கா எனக்குப் பக்கத்து நாற்காலி. வந்த ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த ஊரில் யாருக்கு என்ன வலை போக வேண்டும் என்று அச்சடித்து லோடு ஏற்றுகிறவர்களிடம் கொடுப்பார். புருஷன் இல்லை. ஒரே மகள், நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் சம்பளத்தில்தான் அந்தப் படிப்பு ஓடியது. அக்காவுக்குக் கண்ணில் பிரஷர். ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருகிற நோய். ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரியும். திரையின் நடுவில் பெரிதாக வைத்துக்கொண்ட எழுத்தை வாசிப்பார். மேலே இருக்கிற டூல்பாரை வாசிக்க மாட்டார். வாசிக்கத் தேவையும் இல்லை. எது எங்கே இருக்கிறது, எது நீலம், எது மஞ்சள் என்று கைக்குத் தெரியும். சொந்த அடுக்களையில் இருட்டில் உப்புப் பரணியை எடுக்கிற மாதிரி மவுஸைக் கொண்டுபோய் வைப்பார். ஒருநாளும் தப்பியதில்லை.

ஒரு திங்கட்கிழமை வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் டூல்பார் வேறாக இருந்தது. சனிக்கிழமையே சார் ஆள் வைத்து எல்லா மெஷினிலும் புதுசு ஏற்றியிருந்தார். பழைய நிறங்கள் போய், எல்லாம் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகளாக இருந்தன. பழைய வரிசை கிடையாது. இரண்டு வரி இருந்த இடத்தில் ஏழெட்டுத் தலைப்புகள், ஒவ்வொன்றையும் தட்டினால் அதனதன் கீழே வேறு வேறு படங்கள். படங்களுக்குக் கீழே பெயராவது இருந்திருக்கும். அதையும் சார் எடுக்கச் சொல்லிவிட்டார். பெயர் இருந்தால் சந்தைக்கடை மாதிரி இருக்கிறதாம்.

ஏற்றிக் கொடுத்த பையன் நல்லவன். அன்றைக்குக் காலையில் சரிபார்க்க வந்தபோது எனக்கு முன்னால்தான் சாரிடம் சொன்னான், பழைய டூல்பாரே வேண்டுமென்றாலும் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாக, ஒரு டிக் போட்டால் போதும் என்று. சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த டிக்கைப் போடவில்லை.

நான் அச்சடிக்கிற பட்டனைத் தேடி ஒரு வாரம் அலைந்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கடைசியில் கண்டுபிடித்து எழுதி ஒட்டிக்கொண்டேன். எனக்குக் கண் இருந்தது.

ரோஸ்லெட் அக்கா மத்தியானமே சாருடைய அறைக்குப் போனார். நான் கையெழுத்துக்குக் கடிதம் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை அக்கா அன்றைக்கு அவரிடம் சொன்னார். கண்ணில் என்ன நோய், டாக்டர் என்ன சொன்னார், திரையில் எவ்வளவு தெரியும் என்று எல்லாம். தன்னுடைய மெஷினில் மட்டும் பழையதைப் போட்டுத் தரச் சொன்னார். சார் குறுக்கிடாமல் கேட்டார். உட்காரச் சொன்னார். எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. பிறகு செருமினார்.

"ஒரு ஆபீஸுன்னா ஒரு முகந்தாம்மா இருக்கணும். ஒனக்கு ஒண்ணு, மத்தவியளுக்கு ஒண்ணுன்னு வைக்க முடியாது. ரெண்டு நாள்ல பழகிரும்."

அக்கா சரி சார் என்று எழுந்து வந்து உட்கார்ந்தார். நான் ஏதோ சொல்லப் போனேன். "வேண்டாம் மக்கா, வேலையப் பாரு" என்றார்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிற நேரம் அது. எல்லாப் படகுகளும் ஒரே நாளில் கடலுக்குப் போகக் காத்திருக்கும். எல்லாருக்கும் உடனே வலை வேண்டும். அக்கா பெரிய பட்டியல் ஒன்றை ஏற்றி முடித்தார். முதல் வரிசையில் ஆளின் பெயர், அடுத்ததில் வலையின் கண் அளவு. லோடு ஏற்றுகிறவர்கள் தூரத்திலிருந்தே வாசிக்க வேண்டுமென்று பெயர்களை மட்டும் எப்போதும் தடித்த எழுத்தாக்குவார். அன்றைக்கும் பெயர் வரிசையை மட்டும் பிடித்தார், கை பழக்கத்தில் பழைய இடத்துக்குப் போய்த் தட்டியது. அந்த இடத்தில் இப்போது இருந்தது பெயர்களை அகர வரிசைப்படி அடுக்குகிற பட்டன். திரையில் ஏதோ கேள்வி வந்தது. அதையும் தட்டிவிட்டார். பெயர்களெல்லாம் எழுந்து இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. வலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

நான் அன்றைக்கு லீவு. இருந்திருந்தால் பார்த்திருப்பேனா என்பதும் தெரியாது.

இரண்டாவது நாள் முட்டத்திலிருந்து ஒரு பெரியவர் ஆட்டோவில் வலையோடு வந்து இறங்கினார். சாளை பிடிக்கிறவர்; சின்ன மீன், சின்னக் கண் வலைதான் வேண்டும். அவருக்குப் போயிருந்தது நெய்மீன் பிடிக்கிற பெரிய கண் வலை. ஆபீஸ் தரையில் அதை விரித்துப் போட்டு, கண்ணுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுக் காட்டினார். இந்த வலையில் சாளை பிடிக்க வேண்டுமென்றால் முதலில் சாளையை வீட்டில் கொண்டுபோய் வளர்க்க வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கேலியாகச் சொன்னாரே தவிர அக்காவைத் திட்டவில்லை. அக்கா எழுந்து நின்றபடி இருந்தார். பெரியவருக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள்.

சார் அப்போதும் கோபப்படவில்லை. எல்லாரையும் உட்கார வைத்து, சாயா வாங்கிக் கொடுத்து, வலையை மாற்றிக் கொடுத்தார். எல்லாரும் போன பிறகு அக்காவின் மேசைக்கு வந்து செருமினார். இனிமேல் கம்ப்யூட்டர் வேண்டாம், பின்னால் கொட்டகையில் உட்கார்ந்து வலையைப் பார்க்கலாம், அங்கே காற்றோட்டமும் உண்டு என்றார்.

கொட்டகையில் என்ன வேலை என்று முதலிலேயே சொன்னேன். மெல்லிய நூலில், ஆயிரக்கணக்கான கண்களுக்கு நடுவில், விட்டுப்போன ஒரு முடிச்சைக் கண்ணால் தேடுகிற வேலை. இந்தக் கம்பெனியில் கண் பார்வை அதிகமாகத் தேவைப்படுகிற இடம் அதுதான். அக்காவுக்குக் கண் தெரியாது என்பது தெரிந்திருந்தும், அக்கா வாயாலேயே கேட்டிருந்தும், அவரை அங்கே அனுப்பினார். டூல்பாரைக்கூட நான் மன்னித்திருப்பேன். இதை மன்னிக்கவில்லை. வேதத்தில் எத்தனை தடவை மன்னிக்கச் சொல்லியிருக்கிறது என்று எனக்கும் தெரியும். போதகர் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அக்கா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நைலான் நூல் விரலை அறுத்தது. பத்து முடிச்சில் நாலு தப்பியது. கூட இருந்த பெண்கள் தங்கள் வேலைக்கு நடுவில் அவருடையதையும் செய்து கொடுத்தார்கள். எத்தனை நாள் செய்வார்கள்? கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே அக்கா நின்றுவிட்டார். அந்த வருஷம் மகள் படிப்பை விட்டுவிட்டு, களியக்காவிளையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள்.

ரோஸ்லெட் அக்கா அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. வீட்டுக்குப் போனால், "சாருக்குச் சொகந்தானே மக்கா" என்று கேட்பார். கிறிஸ்மஸுக்கு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டால் சாருடைய வீட்டுக்கும் ஒரு பொட்டலம் போகும். அக்கா மறந்துவிட்டார், நான்தான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

எனக்கு அப்போது கையில் கிடைத்த பழி சின்னதுதான். சார் ஓய்வு பெறுகிற வரைக்கும், மத்தியானம் சாப்பிடப் போகிற நேரத்தில் அவருடைய பேனா ஸ்டாண்டை ஒரு விரற்கடை நகர்த்தி வைப்பேன். வந்ததும் கவனித்துவிடுவார். பழைய இடத்துக்கே திருப்பி வைப்பார். மறுநாள் மறுபடியும் நகர்த்துவேன். சாப்பாட்டுக்கு மேல் ஒரு இனிப்பு சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

பெரிய பழி கோயிலில் வந்தது. போன வருஷம் என்னைக் கமிட்டிக்குப் பெண்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கோயிலுக்குள் புது டைல்ஸ் போட வேண்டும், பெஞ்சுகளை வெளியே எடுத்துத் திரும்பப் போட வேண்டும், புதிதாக வாங்கிய கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் ஆள் உயர ஸ்பீக்கர்களுக்கும் இடம் பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தது. யாரும் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால் நான் சொன்னேன். ஆண்கள் பக்கம், பக்கவாசலை ஒட்டி, மின்விசிறிக்குக் கீழே. மின்சாரப் பிளக்கும் அங்கேதான் இருந்தது. எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பெண்கள் பக்கத்தைப் பற்றியும் ஒன்று சொன்னேன். அங்கே ஒரு பெஞ்சும் ஒரு விரல்கூட நகரக் கூடாது. பெஞ்சை எடுப்பதற்கு முன்னால் நானே டேப் பிடித்துச் சுவரிலிருந்து அளந்தேன். டைல்ஸ் போட்டு முடிந்ததும் கொத்தனாரைக் கூட நிறுத்தி அதே இடத்தில் பெஞ்சுக் காலைப் பதிய வைத்தேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார். நினைக்கட்டும். ரோஸ்லெட் அக்கா அந்த பெஞ்சுகளின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் வந்து தன் இடத்தில் உட்காருவார்.

வேலை முடியப் போகிற சனிக்கிழமை சாயங்காலம் சார் என் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் எதையும் நகர்த்தச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, அந்த ஒரு பெஞ்சை மட்டும் பழையபடி விட்டுவிட முடியுமா என்று கேட்டார். கீபோர்டை ஒரு அடி தள்ளினால் போதும் என்றார்.

இந்தக் கேள்விக்காகவே நான் ஒரு பதிலைப் பல வருஷமாகத் தயாராக வைத்திருந்தேன். அவருடைய வாக்கியம்தான். பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் இன்னொன்று சொன்னார்.

"அவ இருக்கும்போ நேர் எதிர்ல இருப்பா பிள்ளே. அங்க இருந்து பாத்தாத்தான் அந்த இடம் தெரியும்."

அவருடைய மனைவி இறந்து இரண்டு கிறிஸ்மஸ் ஆகியிருந்தது. எனக்கு இரக்கம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். வந்த இரக்கத்துக்கும் அவருக்குமாகச் சேர்த்து ஒரு சாயா போட்டுக் கொடுத்தேன். குடித்து முடிகிற வரைக்கும் காத்திருந்து, "கமிட்டித் தீருமானம், சார்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று இரவு முழுவதும் என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஆராதனைக்கு ரோஸ்லெட் அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே வந்ததும் கையை விட்டுவிட்டார். பெஞ்சு ஓரங்களைத் தொட்டுக்கொண்டே நேராக நடந்து வந்து, ஒரு தடவைகூடத் தடுமாறாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். டைல்ஸ் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்.

பக்கவாசல் வழியாக சார் வந்தார். கால் தானாகவே பழைய இடத்துக்குப் போனது. அங்கே ஸ்பீக்கர் நின்றது. ஒரு எட்டு பின்னால் வைத்தார், திரும்பிப் பார்த்தார். மற்ற பெஞ்சுகளில் எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டொருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், அவர் போகவில்லை. நடைபாதையில் நின்றார். கீர்த்தனை தொடங்கப் போகிறது. அவர் அப்படியே நின்றபடி தொண்டையை இரண்டு தடவை செருமினார்.

அக்காவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

"சாரா மக்கா?"

"ஆமாக்கா."

"ஏன் நிக்காரு?"

அவருடைய இடத்தில் ஸ்பீக்கரை வைத்துவிட்டார்கள், உட்கார இடம் பார்க்கிறார் என்று மெதுவாகச் சொன்னேன். யார் வைத்தது என்று சொல்லவில்லை. பாவம், போய் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுக் கொடு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் எழுந்திருப்பேன். அவர் சொல்லி நான் எதையும் தட்டியதில்லை.

அக்கா வாசிக்க முடியாத பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்தார். சேலைத் தலைப்பைத் தலையில் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, குரலைத் தாழ்த்தாமல், ஆண்கள் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி, ஆபீஸில் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்.

"நிக்கட்டும் மக்கா. ரெண்டு நாள்ல பழகிரும்."